பிள்ளைப்பேற்று அறைக்குள் ஒருவர் மட்டும்

குருநகர்
05.06.2024, புதன்கிழமை

சேசு மரி சூசை

சம்பந்தியம்மா கமலாவதிக்கு,

நான் சுகமில்லை. நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள், அதனால் கேட்கவில்லை.

என் மனுசன் யாகோப்புவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்து, எங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல், அச்சுவேலிக்குப் போய் முழுகினீர்கள். போன் எடுத்துக் கேட்டேன். "அது எங்கடை முறை" என்றீர்கள். இனி உங்களோடு வாயால் கதைக்கமாட்டேன் என்று அப்போது சத்தியம் பண்ணினேன். அந்தச் சத்தியம் அப்படியே இருக்கிறது. இது கை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். மருமகன் கஜானன் வொயிஸ் அனுப்பச் சொன்னார். அதுவும் வாய்தானே, வேண்டாம் என்றேன். கடிதத்தை அவரே கொண்டு வருவார்.

விசயம் ஜெசிதாவைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை மருதனார்மடத்து வீட்டிலிருந்து வந்தவள், நான் மீன் கழுவிக்கொண்டிருக்கப் பக்கத்தில் குந்தியிருந்து சொல்கிறாள்: "அம்மா, நான் இந்தமுறை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டன். வீட்டிலை பெறுவன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அவளின் மூத்தவள் பிறந்த அன்று நாங்கள் இருவரும் கேற்றுக்கு வெளியே நின்றோமே. தாயும் பிள்ளையும் சுகம் என்றார்கள். நாங்கள் கற்கண்டு வாங்க ஓடினோம். உள்ளே நடந்ததை அவள் இப்போதுதான் சொல்கிறாள். கட்டிலுக்குத் திரை இல்லையாம். டொக்டருக்குப் படிக்க வந்த பிள்ளைகள் வரிசையாக நின்று பார்த்தார்களாம், பார்க்கலாமோ என்று ஒருவரும் இவளிடம் கேட்கவில்லையாம். தண்ணீர் கேட்டாள், கிடைக்கவில்லை. நோவில் சத்தம் போட்டுக் குளறியபோது ஒருத்தி, "புருசனோடை படுக்கேக்கை குளறினனியோ?" என்றாளாம். தையல் போடுகிறார்கள் என்பது ஊசி ஏறின பிறகுதான் தெரியுமாம். மூன்று வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்திருக்கிறாள். பிள்ளையை இறக்கினாள், இதை இறக்கவில்லை.

நான் அவர்கள் பகுதி மிட்வைஃப் வித்தியா மிஸ்ஸியைப் பிடித்து ஜெசிதா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மிஸ்ஸி சொன்னா, நாங்கள் போகிற ஆஸ்பத்திரியில் இப்போது ஒவ்வொரு கட்டிலுக்கும் திரை போட்டிருக்கிறார்களாம், எது செய்வதென்றாலும் முதலில் சொல்லிக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமாம், பெறுகிறவளோடு துணைக்கு ஒரு பெண்ணாளை உள்ளே விடுவார்களாம். ஒரே ஒரு ஆள். அந்த ஆள் கிளினிக்கில் ஒரு வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். ஜெசிதா யோசித்துவிட்டு, "ஆள் ஒண்டு கூட வந்தா போறன். இல்லாட்டி ஏலாது" என்றாள். வீட்டில் பெற்று ஏதும் நடந்தால் நான் என்ன செய்வேன்? இந்த வருடம் ஒருவரைப் புதைத்துவிட்டேன். போதும்.

ஆகையால் நான் உள்ளே போகிறேன். இது உங்களுக்கு அறிவிக்கத்தான். கேட்கவில்லை.

மரியபுஸ்பம்


அச்சுவேலி
08.06.2024, சனிக்கிழமை

சிவமயம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்களது 05.06.2024ஆம் திகதிய கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் கேட்டுக்கொண்டபடி பிழைகளைச் சிவப்பு மையினால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியுள்ளேன்.

மருமகளுக்கு நேர்ந்ததை வாசித்து அன்றைய பொழுது முழுவதும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பேச்சைப் பேசியவள் எவள் என்று தெரிந்திருந்தால் அன்றே முறைப்பாடு எழுதியிருப்பேன். நான் பிரதேச செயலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் என்பது தங்களுக்குத் தெரியும். என் முறைப்பாடுகள் கொழும்பு வரை போய் வந்திருக்கின்றன. ஜெசிதா இதை என்னிடம் சொல்லவில்லையே என்பது வேறு வேதனை. அது நிற்க.

தாங்கள் உள்ளே போவது பற்றி எனது ஆட்சேபனைகள் பின்வருமாறு. யாகோப்பு அவர்கள் மாசியில்தான் காலமானார். ஆண்டுத் திவசம் கழியாமல் எங்கள் பகுதியில் ஒரு கலியாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார்கள். பிறக்கிற பிள்ளையை முதல் முதல் எதிர்கொள்ளும் முகம் துக்க முகமாக இருப்பது நல்லதல்ல. தங்களை நோகடிக்க எழுதவில்லை. முறையைத்தான் எழுதுகிறேன்.

அடுத்தது தங்கள் குரல். தாங்கள் ஒரு சொல் சொன்னால் அது சந்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கேட்கும். ஆஸ்பத்திரியில் கெட்டித்தனமாகவும் பணிவாகவும் கேட்க வேண்டும். உத்தியோகத்தரிடம் கதைத்துப் பழகிய ஒருவர்தான் அதற்குத் தகுந்தவர்.

ஆகவே நான் போகிறேன். இவரும் அதையே சொல்கிறார். (இவர் ஒன்றும் சொல்லவில்லை. பேப்பர் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆனால் மறுக்கவில்லை.)

இங்ஙனம்,
கமலாவதி தியாகலிங்கம்


குருநகர்
12.06.2024, புதன்கிழமை

சம்பந்தியம்மாவுக்கு,

சிவப்பு மை பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் எனக்குப் படிப்பித்த சிஸ்ரர்கூட இவ்வளவு மை செலவழிக்கவில்லை.

துக்க முகம் என்று எழுதினீர்கள். யாகோப்பு நெஞ்சு வருத்தத்தில் போனவர். அது ஒட்டுகிற வருத்தமா? எங்கள் வேதத்தில் அப்படி ஒரு முறையும் இல்லை. என் முகம் துக்கமாகத்தான் இருக்கிறது, வேறு முகம் எடுக்கப் போகிற இடம் எனக்குத் தெரியாது. சந்தையில் மீன் நிறுத்துக்கொண்டே அழுகிறேன். சனம் என் கண்ணைப் பார்த்துவிட்டு மீனைப் பார்க்கிறது. மீன் பழசாக்கும், அதுதான் இவள் அழுகிறாள் என்று பக்கத்துக் கடைக்குப் போகிறது. அவர் இருந்தபோது நான் ஏசினால் திருப்பி ஏசுவார், சண்டை ஒரு நேரத்தில் முடியும். இப்போது படத்தை ஏசுகிறேன். அது வாய் திறப்பதில்லை, அதனால் சண்டை முடிவதே இல்லை.

குரலைப் பற்றி எழுதினீர்கள். ஓம், பெரிய குரல்தான். ஆஸ்பத்திரிச் சுவர் கல்லால் கட்டினது, தாங்கும்.

மிஸ்ஸியிடம் கேட்டேன், மாமியும் வரவேண்டும் என்கிறா, யார் போவது என்று. "அதை நீங்கள் ரெண்டு பேரும் முடிவெடுக்க ஏலாது. பெறுறவள்தான் சொல்லவேணும். அது அவளின்ரை உரிமை" என்று மிஸ்ஸி சொன்னா. இருபத்திரண்டாம் திகதி சனிக்கிழமை வகுப்பு. நான் போகிறேன். நீங்கள் வருவதென்றால் வாருங்கள், கிளினிக் என் சொத்து இல்லை.

ஜெசிதா யாரைச் சொல்லுவாள் என்று எனக்குத் தெரியும். பெற்றவள் நான்.

மரியபுஸ்பம்


அச்சுவேலி
23.06.2024, ஞாயிற்றுக்கிழமை

சிவமயம்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்றைய வகுப்பு பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு இரண்டு பேராக இருக்கச் சொன்னபோது மற்றவர்கள் எல்லோரும் சோடி சேர்ந்துவிட்டார்கள் என்பதும், எஞ்சியது நாம் இருவர் என்பதும் என் விதி. நோ வரும்போது இடுப்பைத் தடவிவிடும் முறையைப் பழகச் சொன்னார் மிஸ்ஸி. தடவச் சொன்னார். தாங்கள் செய்தது தடவல் அல்ல. நான் இன்றும் வலப்பக்கமாகச் சரிந்துதான் படுக்கிறேன். எனது முறை வந்தபோது தாங்கள், "மிஸ்ஸி, உவவின்ரை கை பூனை நடக்கிற மாதிரி இருக்கு எண்டு சொல்லுங்கோ" என்றீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குக் காது கேட்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெறுகிறவள் எழும்பி நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், வெட்டுவதானால் ஏன் என்று கேட்கலாம், பார்க்க வருகிற மாணவர்களை வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று மிஸ்ஸி சொன்னபோது நான் வாய் பிளந்து கேட்டேன். கஜானனைப் பெற்ற அன்று நான் மூச்சு விடுவதற்கே அனுமதி கேட்டதுபோல் ஒரு ஞாபகம். துணையாள் கேள்வி கேட்கலாம், சண்டை பிடிக்கக்கூடாது என்று அவர் சொன்னபோது தங்களைத்தான் பார்த்தார்.

வகுப்பு முடிய மிஸ்ஸி ஜெசிதாவைத் தனியே அறைக்குள் கூட்டிப்போய்க் கேட்டார். நாம் இருவரும் வாங்கில் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம். கதவைத் திறந்து, "கமலாவதி அம்மா" என்றார்.

நான் வென்றுவிட்டேன் என்று எழுதவில்லை. எழுதினாலும் அது பிழையாகாது.

இங்ஙனம்,
கமலாவதி தியாகலிங்கம்


குருநகர்
24.06.2024, திங்கட்கிழமை

சம்பந்தியம்மாவுக்கு,

கிளினிக்கிலிருந்து நான் நேரே வீட்டுக்கு வரவில்லை. ஜெசிதாவின் பின்னால் போய்க் கேட்டேன். ஏனடி, நான் என்ன குறை வைத்தேன் என்று.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, நீ வந்தா நான் உன்னைத்தான் பாக்கவேணும். அப்பா போனதிலையிருந்து என்னைக் கண்டா நீ அழுறாய். நோவோடை நான் உன்னை ஆத்த ஏலாது. எனக்கு என்னைப் பாக்க ஒரு ஆள் வேணும். மாமி அழமாட்டா. மாமி கேள்வி கேப்பா."

நான் அழவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அழுகைதான் வந்தது.

அவள் சொன்னது சரி. நீங்களே போங்கள். வெல்லுங்கள்.

எங்கள் வீட்டில் கிடந்த உங்கள் ரிபன் கரியரை, அந்தச் சாப்பாட்டு அடுக்கை, மருமகனிடம் கொடுத்து விட்டிருக்கிறேன். புளி போட்டுக் கழுவியிருக்கிறேன், மீன் மணம் இல்லை.

மரியபுஸ்பம்


அச்சுவேலி
27.06.2024, வியாழக்கிழமை

சிவமயம்

சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை வாசித்தேன். சிவப்புப் பேனையை எடுக்கவில்லை.

நான் இப்போது எழுதப்போவது இவரைத் தவிர எவருக்கும் தெரியாது. வாசித்தவுடன் அடுப்பில் போட்டுவிடவும்.

எனக்கு இரத்தம் கண்டால் மயக்கம் வரும்.

கொஞ்சம் தலை சுற்றுவதல்ல. விழுவேன். கஜானனுக்குத் தடுப்பூசி போட்ட அன்று பிள்ளை அழவில்லை, நான் விழுந்தேன். இவர் தேங்காய் திருவும்போது திருவலையில் விரலை வெட்டிக்கொண்ட அன்று, காயத்துக்குத் துணி சுற்றாமல் இவர் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். அலுவலகத்தில் இரத்ததான முகாம் நடந்தபோது நான்தான் ஏற்பாட்டுச் செயலாளர். அறிவித்தல் பலகையின் கீழ் கிடந்து எழும்பினேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இதைத் தெரிந்துகொண்டுதான் நான் போகிறேன் என்று தங்களோடு சண்டை பிடித்தேன். அவள் தங்களைத்தான் சொல்லுவாள் என்று நானும் நம்பியிருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது கேட்கப்படுவது மட்டும். இப்போது அவள் என்னைக் காணும்போதெல்லாம், "மாமி, நீங்கள் இருக்கிறியள், எனக்குப் பயமில்லை" என்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு ஏலாது என்று எப்படிச் சொல்வது? ஏலாது என்றால் அவள் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டாள். போய் அங்கே நான் விழுந்தால் டொக்டர் அவளைப் பார்ப்பாரா, என்னைப் பார்ப்பாரா?

நாள் கிட்டுகிறது. தங்களைத் தவிர வேறு எவரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

கமலாவதி


குருநகர்
28.06.2024, வெள்ளிக்கிழமை

சம்பந்தியம்மாவுக்கு,

அடுப்பில் போடச் சொன்னீர்கள். எங்களுடையது காஸ் அடுப்பு. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

வாசித்து நான் சிரித்தேன். யாகோப்பு போன பிறகு முதல்முறை. பக்கத்து வீட்டுச் சனம், எனக்கு மூளை தட்டிவிட்டதாக்கும் என்று எட்டிப் பார்த்தது. சிரித்ததற்குக் குறை நினைக்கவேண்டாம்.

இதற்கு மருந்து இருக்கிறது. கலியாணம் முடித்து வந்த புதிதில் எனக்கும் கணவாயின் மையைக் கண்டால் குமட்டிச் சத்தி வரும். பார்க்கப் பார்க்கத்தான் போனது. காலையில் எங்கள் மீன் சந்தைக்கு வாருங்கள். ஜெறோம் என்று ஒரு பெடியன் என் கடையில் மீன் வெட்டுகிறான். முதல் நாள் சின்னச் சூடை மீனோடு தொடங்கலாம், அதில் இரத்தம் ஒரு சொட்டுத்தான். பிறகு விளைமீன். பிறகு பாரை. பெரியதுக்கு மெல்ல மெல்லப் போவோம்.

நீங்கள் சைவம், மச்சம் மணக்கும், தெரியும். முழுகத்தானே போகிறீர்கள். அது உங்கள் முறைதானே.

என் சத்தியம் சத்தியம்தான். நான் வாய் திறக்கமாட்டேன். கேட்க வேண்டியதை ஜெறோமைக் கொண்டு கேட்பேன்.

மரியபுஸ்பம்


அச்சுவேலி
07.07.2024, ஞாயிற்றுக்கிழமை

சிவமயம்

சம்பந்தி அவர்களுக்கு,

ஒரு கிழமையாக நான் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு குருநகருக்கு வருகிறேன். இவர் நேற்று, "உந்தக் கோயில் ஐயர் என்ன மீனோ விக்கிறார்?" என்றார்.

முதல் நாளை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தாங்கள், "ஜெறோம், அந்த அம்மாவுக்குத் தலை சுத்துதோ எண்டு கேள்" என்றீர்கள். நான், "ஜெறோம், இல்லை எண்டு சொல்லும்" என்றேன். பாவம் அவன், கத்தியை ஓங்கியபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பினான். சூடைக்கு நான் அசையவில்லை. அந்தப் பெருமையில் பாரையையும் பார்க்கலாம் என்று என் வாய்தான் சொன்னது. பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது ஐஸ் பெட்டியின் குளிர். தாங்கள் "ஐயோ சம்பந்தி!" என்று குளறியது காதில் விழுந்தது. தங்கள் சத்தியம் போய்விட்டதே என்று அந்த மயக்கத்திலும் எனக்கு ஒரு சந்தோசம். பிறகு தங்கள் வீட்டில் தேத்தண்ணியும் குடித்தேன். குடித்தேன் என்ன, பருக்கினீர்கள்.

வெள்ளிக்கிழமை வெட்டிய சுறாவைத்தான் மறக்க முடியவில்லை. வயிற்றுக்குள் குட்டிகள், தாயின் அதே முகத்தோடு. ஜெறோம் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். நான் விழவில்லை. அதை விழுந்து எழும்பிய பிறகுதான் கவனித்தேன் என்று நினைக்கவேண்டாம், உண்மையாகவே விழவில்லை. கையைத் தேடினேன், தங்கள் கை இருந்தது. மீன் செதில் ஒட்டிய கை. முழுகியும் போகவில்லை, ஒரு செதில் இன்னும் என் மோதிரத்தில் இருக்கிறது.

பெற்றவளுக்குப் பால்சுறா வறை கொடுத்தால் பால் ஊறும் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் மச்சம் ஏறாது. தாங்கள் மருதனார்மடத்தில் அவர்கள் வீட்டில் சமைத்துக் கொடுத்தால் நான் பார்க்காததுபோல் இருப்பேன்.

கமலாவதி


குருநகர்
09.07.2024, செவ்வாய்க்கிழமை

சம்பந்தியம்மாவுக்கு,

நான் அன்று கதைக்கவில்லை. குளறினேன். குளறுவது கதைப்பதாகாது, பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் கேட்டுவிட்டேன். ஆகையால் சத்தியம் இன்னும் இருக்கிறது.

உள்ளே உங்களுக்குத் தலை சுற்றினால் கீழே பார்க்காதீர்கள், அவளின் முகத்தைப் பாருங்கள். நோ முகத்தில்தான் முதலில் தெரியும். நான் கேற்றடியில் இருப்பேன். உள்ளே வரமாட்டேன், வரக்கேட்கவும் மாட்டேன். அவள் கேட்டது உங்களை.

சந்தையில் இப்போது நான் அழுவது குறைவு என்று ஜெறோம் சொல்கிறான். உங்களைப் பற்றிச் சனம் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லவே நேரம் போய்விடுகிறது.

மரியபுஸ்பம்


அச்சுவேலி
24.07.2024, புதன்கிழமை

சிவமயம்

அன்புள்ள சம்பந்திக்கு,

தலையில் கட்டோடு எழுதுகிறேன். கஜானன் என்னைக் கட்டிலை விட்டு எழும்ப விடுகிறான் இல்லை. தாங்கள் தினமும் வாட்டுக்குப் போய் வருவதாகச் சொன்னான். திங்கட்கிழமை உள்ளே நடந்ததை என் கையால் தங்களுக்கு எழுதினால்தான் எனக்கு ஆறும்.

உள்ளே போகும்போது வேப்பமரத்தின் கீழ் தாங்கள் செபமாலையோடு இருந்ததைப் பார்த்தேன். தாங்கள் என்னைப் பார்க்கவில்லை. தாங்கள் அங்கே இருந்ததே எனக்கு ஒரு பலமாக இருந்தது.

மிஸ்ஸி சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் நீலத் திரை. இளம் டொக்டர் ஒருவர் வந்து, "நான் இப்ப உங்களைச் சோதிக்கப்போறன், சரியோ அம்மா?" என்றார். நான் உடனே "ஓம், சரி" என்றேன். "மாமி, என்னையெல்லோ கேட்டவர்" என்றாள் ஜெசிதா. டொக்டர் சிரித்தார். அதற்குப் பிறகு நான் அவளுக்குப் பதிலாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். சரிந்து படுக்க வேண்டும் என்றாள், சரிந்து படுத்தாள். நான் இடுப்பைத் தடவினேன், தாங்கள் தடவுகிற மாதிரி. "மாமி, உங்கடை கை எப்ப அம்மாவின்ரை கை ஆனது?" என்றாள்.

திரைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பிள்ளை. பயத்தில் குளறிக்கொண்டே இருந்தது. அப்போது அங்கே வேலை செய்கிற வயதான பெண்ணொருத்தி, அதே பேச்சைத் தொடங்கினாள். "புருசனோடை படுக்கேக்கை" என்று அவ்வளவுதான் சொன்னாள். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது பாருங்கள். "நிப்பாட்டு! அந்தப் பேச்சை வெளியாலை வைச்சிட்டு உள்ளை வா!" கூரையில் இருந்த புறாக்கள் பறந்துவிட்டன. வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்ரர் ஓடிவந்து அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்பும் கேட்டார், என் காதால் கேட்டேன். நான் வீட்டில் எழுதி வைத்திருந்த முறைப்பாட்டைவிட அந்த ஒரு சத்தம் கெதியாக வேலை செய்தது. ஜெசிதா அந்த நோவுக்கு நடுவில் சிரித்தாள். ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்கு அந்த நேரம் காதுக்குள் வண்டு இரையத் தொடங்கிவிட்டது.

கொஞ்சம் வெட்ட வேண்டி வரும் என்றார் டொக்டர். ஏன் என்று நான் கேட்டேன். பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது, கெதியாக எடுக்க வேண்டும் என்று அவளுக்கே சொன்னார். "சரி, விறைப்பு ஊசி போட்டிட்டு வெட்டுங்கோ" என்றாள் அவள். முன்பு அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு இடம் இருக்கவில்லையே என்று நினைத்தேன். தாங்கள் சொன்னபடி முகத்தைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தும் போதாமல், சூடை, விளைமீன், பாரை, கும்பளா, சுறா என்று செபித்தேன். தேவாரம் ஒன்றும் வாயில் வரவில்லை. சிவபெருமான் மன்னிப்பார்.

ஆண் பிள்ளை. அவளின் நெஞ்சில் போட்டார்கள். கொடியை வெட்டியதையும் பார்த்தேன். எல்லாம் முடிந்தது, இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் விழுந்தேன். அந்த அறையிலிருந்து சக்கர நாற்காலியில் முதலில் வெளியே போனவள் பெற்றவள் அல்ல, நான்.

திரைக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தப் பெண் யார் என்று விசாரித்துச் சொல்வீர்களா? நன்றி சொல்ல வேண்டும். குரல் கொஞ்சம் தங்கள் குரல் மாதிரி இருந்தது. அந்த நேரம் எனக்கு எல்லாக் குரலும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

கமலாவதி


குருநகர்
25.07.2024, வியாழக்கிழமை

சேசு மரி சூசை

அன்புள்ள சம்பந்திக்கு,

இன்று எங்கள் யாகப்பர் கோயில் திருநாள். மனுசனின் பெயர் நாளும். பூசை முடிந்து வந்து எழுதுகிறேன், வெளியில் வெடி கொளுத்துகிறார்கள், எழுத்து கோணினால் அது வெடிச் சத்தத்துக்கு.

அந்தப் பெண்ணை விசாரிக்கத் தேவையில்லை. அது நான்தான்.

நீங்கள் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் பொறுப்புச் சிஸ்ரர் கேற்றடிக்கு வந்தா. "வகுப்புக்கு வந்த ஆக்கள் ஆரும் இஞ்சை நிக்கிறியளோ?" என்று கேட்டா. எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். உள்ளே நெடுந்தீவுப் பிள்ளை ஒன்று, ஷெரோன் என்று பெயர், தலைப்பிள்ளை. துணைக்கு வர இருந்த தாய் தீவில் நிற்கிறா. சோளகக் காற்று அடித்துப் படகு ஓடவில்லை. பிள்ளை ஆரும் ஒரு ஆள் வேண்டும் என்று சிஸ்ரரின் கையை விடுகிறாள் இல்லையாம். "அம்மா, உங்களை அவளுக்குக் காட்டுறன். அவள் ஓம் எண்டாத்தான் நீங்கள் நிக்கலாம்" என்றா.

போய் நின்றேன். அந்தப் பெட்டை என்னை மேலும் கீழும் பார்த்தாள். மீன் மணம் பிடித்திருக்கும். "நீங்கள் கரையூர் ஆக்களோ?" என்று எங்கள் குருநகரின் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டாள். ஓம் என்றேன். "நில்லுங்கோ அன்ரி" என்றாள்.

பிறகுதான் பக்கத்தில் ஜெசிதாவின் குரல் கேட்டது. எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் அந்த நீலத் துணி மட்டும்தான். காற்றுக்கு அது என் முழங்கையில் வந்து வந்து முட்டியது. என் பிள்ளை முனகுகிறாள், நீங்கள் மீன் பெயர் சொல்லுகிறீர்கள், எல்லாம் எனக்குக் கேட்கிறது. திரையை ஒரு விரலால் விலக்கினால் போதும். பிள்ளையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று டொக்டர் சொன்னபோது என் கை தானாகப் போனது. போன கையை ஷெரோன் பிடித்துவிட்டாள். அப்படி ஒரு பிடி. அவர் போன பிறகு என்னை ஒருவரும் அப்படிப் பிடித்ததில்லை. மற்ற எல்லோரும் என்னைத் தொடும்போது, உடைந்துவிடும் சாமான் மாதிரித்தான் தொடுகிறார்கள்.

திரை இல்லையே என்று கொதித்தவள் நான். பெறுகிறவள் கேட்டவர்தான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னதை உங்களுக்கு எழுதியவளும் நான். ஜெசிதா என்னைக் கேட்கவில்லை. இந்தப் பெட்டை கேட்டாள். நான் இந்தப் பக்கமே நின்றேன். சண்டை பிடிக்கக்கூடாது என்ற சட்டத்தை மட்டும் ஒருதரம் மீறிவிட்டேன். சிஸ்ரர் எனக்கும் ஒரு ஏச்சுத் தந்தா. அந்த மனுசியை வெளியில் வைத்து ஏசினதைவிட அது குறைவுதான்.

நீங்கள் விழுந்த சத்தம் கேட்டபோது பிள்ளைதான் விழுந்துவிட்டதோ என்று என் உயிர் போய் வந்தது. "ஆர் விழுந்தது?" என்று கேட்டேன். "மாமிதான்" என்று ஜெசிதா சொன்னாள். அவ்வளவுதான் நாங்கள் இருவரும் அங்கே கதைத்தது. ஷெரோனுக்குப் பின்னேரம் பெண் பிள்ளை பிறந்தது. தாய் அடுத்த நாள் படகில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. நான்தான் அவவை ஆற்றினேன்.

ஷெரோனுக்குப் பிள்ளை பிறந்த அன்று பின்னேரமே ஜெசிதாவிடம் போனேன். பெருங்குற்றம் செய்தவள் மாதிரிக் கட்டில் காலடியில் நின்றேன். கூப்பிடாமல் வந்துவிட்டேன் என்று கோபிப்பாளோ என்று பயம்.

"குரல் கேட்ட உடனை தெரியும் அம்மா," என்றாள். "மூத்தவளைப் பெத்த அண்டைக்கு அப்பிடி ஒரு குரல் எனக்குப் பக்கத்திலை இருந்திருக்கலாம்."

நான் கட்டில் சீலையை இழுத்துச் சரி செய்தேன்.

"நீ அழேல்லை," என்றாள். "கடைசி மட்டும் காது குடுத்துக்கொண்டு கிடந்தனான். ஒருக்காலும் அழேல்லை."

பிள்ளையைத் தூக்கி என் கையில் தந்தாள். தகப்பனின் மூக்கு, பாவம், வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. "இப்ப அழு," என்றாள். "இனி எனக்கு வேலை இல்லை, நான் உன்னைப் பாக்கிறன்."

நானும் ஆயத்தமாகத்தான் நின்றேன், சம்பந்தி. முந்தானையைக்கூட எடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் அவன் தொடங்கிவிட்டான்.

மரியபுஸ்பம்